பூமாலை மண்டபத்து மேடு

குன்னத்துக்கு மேற்கே பெரம்பலூர் சாலையில் ஓரிடத்தில், மத்தியான வேளைகளில் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்து வண்டியை மெதுவாக்குவார்கள். அதற்குள் கோழிக் குழம்பு வாசம் மூக்கில் ஏறிவிடும். அவர்களும் ஓரங்கட்டிவிடுவார்கள். பூமாலை மெஸ்ஸுக்கு இதைத் தவிர வேறு விளம்பரம் கிடையாது.

பூமாலைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் வெங்காயம் ஆய்ந்தும் பிழைத்தவர்கள். இவர் பத்தாவது வரை பள்ளிக்கூடம் போனார். கணக்கு வரவில்லை, சமையல் வந்தது. கல்யாணமான புதிதில், கணவர் கலைமணி ஓட்டிய டிப்பர் லாரியிலேயே தொற்றிக்கொண்டு போய், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வாசலில் இட்லி விற்றார். பிறகு இந்தச் சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டார். கீற்று தகரமாயிற்று, தகரம் கான்கிரீட் ஆயிற்று. வாய் மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது.

ரசம் புளிக்கிறது என்று சொன்ன ஓட்டுநர் ஒருவரிடம், "புளிச்சாதான் அது ரசம். இனிச்சா பாயாசம். எது வேணும்னு முடிவு பண்ணிட்டு வாய தொறங்க" என்றார். சாமியிடமும் அதே வாய்தான். கல்லாவுக்கு மேலே ஒரு முருகன் படம் மாட்டியிருக்கும். வியாபாரம் மந்தமான நாட்களில் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிடுவார். "ஒரு நாளு செவுத்தப் பாத்துக்கிட்டு கெடக்கட்டும். அப்பதான் பொறுப்பு வரும்" என்பார். கலைமணி யாரும் பார்க்காதபோது வந்து படத்தை நேராக்கிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்.

மகள் வெற்றிச்செல்வி பெரியவளானபோது, டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்கப் போனார்கள். மேனேஜர் நன்றாகத்தான் பேசினார். கேட்ட தேதி காலியாக இருந்தது. பிறகு எந்த ஊர் என்று கேட்டார். அதற்குப் பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும், "அன்னைக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்" என்றார்.

"அடுத்த வாரம்?" என்று கலைமணி கேட்டார்.

"அப்பவும் பெயிண்ட்தான்."

"இம்புட்டு பெயிண்ட் அடிச்சா செவுரு வீங்கிடாதா சார்?" என்று கேட்டுவிட்டு பூமாலை எழுந்து வந்துவிட்டார். விழா மெஸ்ஸுக்கு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. பாதி பந்தியில் மழை பிடித்துக்கொண்டது. மகள் சீர்வரிசைத் தட்டு ஒன்றைத் தலைக்குமேல் பிடித்தபடி மணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே, எதிரே நின்ற தம்பி வேல்முருகனிடம் பூமாலை சொன்னார்: "டேய், பின்னாடி காட்ட வாங்குறோம். மண்டபம் கட்டுறோம். எவன் வந்து கேட்டாலும் குடுக்குறோம்."

வாங்கியும் கட்டியும் முடிக்கச் சில வருடங்கள் பிடித்தன. கட்டியவன் வேல்முருகன். கொத்தனாராக இருந்து சின்னக் காண்ட்ராக்டராக ஆனவன். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் சேர்த்துத் தெரியும்.

அந்தக் காட்டு மண் பொல்லாத களிமண். கோடையில் கை நுழைகிற மாதிரி வெடிக்கும், மழையில் டயரை விழுங்கும். வெட்டிப் போட்டால் உள்ளே கண்ணாடிச் சில்லுபோலப் பளபளக்கும். கடலைச் செடிக்குப் போடுகிற அதே ஜிப்சம்தான் அது. அந்தப் பக்கத்துப் பூமியில் வரிவரியாகத் தானாகவே கிடக்கிறது. எப்போதோ கடல் இருந்த இடம் என்பார்கள்.

களிமண்ணை அடக்குவதற்கு வேல்முருகன் ஒரு வழி வைத்திருந்தான். எங்கோ பெரிய ரோடு வேலையில் பார்த்தது. மண்ணோடு சுண்ணாம்புத் தூளைக் கலந்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினால் களிமண் கல்லாகிவிடும்.

"ஹைவேல லாரியே போவுதுக்கா. உன் மண்டபத்துல மாப்பிள்ளைதான உக்காரப் போறான்" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. பல ஊர் மண்ணுக்கு அது நல்ல வைத்தியம். இந்த மண்ணுக்கு ஆகுமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு காரியமும் செய்தான். மெஸ்ஸுக்கும் மண்டபத்துக்கும் பொதுவாகக் கை கழுவுகிற தொட்டி மண்டபத்துக்கு வடக்கே, கழிவுநீர்க் குழி தெற்கே. குழாயைச் சுற்றிக் கொண்டுபோனால் வேலை நீளும் என்று தரைக்கடியில் குறுக்காகவே இறக்கிவிட்டான். நடுவில் வருகிற மூட்டுக்குப் பசை தடவினானா இல்லையா என்பதில் அக்காவும் தம்பியும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

மண்டபம் திறந்ததும் சுற்று வட்டாரத்தில் பெயிண்ட் காரணம் கேட்டுத் திரும்பியவர்கள் எல்லாம் வந்தார்கள். காதுகுத்து, வளைகாப்பு, கிடா விருந்து என்று வெள்ளை டைல்ஸ் தரை ஓய்வில்லாமல் உழைத்தது. ஐப்பசி மழை முடிந்த சமயம், ஒரு பந்தியில் இலையில் ஊற்றிய ரசம் சாப்பிடுகிறவரை விட்டு எதிர்த் திசையில் ஓடியது. அடுத்த விசேஷத்தில் தண்ணீர் பாட்டில் தானாக உருண்டு மணமேடைவரை போனது.

வேல்முருகன் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்துப் பார்த்தான். குமிழி ஒரே பக்கமாக ஓடி ஒதுங்கிக்கொண்டது.

"ரசமட்டம்தான்கா கோளாறு" என்றான்.

தை மாதம் ஒரு காலையில், மண்டபத்து நடுவில் டைல்ஸ் படார் என்று வெடித்தது. பார்த்தால் தரை ஒரு பெரிய இட்லியைக் கவிழ்த்த மாதிரி எழும்பி நின்றது. கொஞ்சம் ஈரம் கசிந்தது.

அன்றைக்குக் கறிவேப்பிலை கொடுக்க வந்த பாவாடை, பூமாலைக்குத் தூரத்து மாமா. திருவிழாக்களில் சாமியாடுபவர். அந்த வருடம் அவருக்குச் சரியாக ஆட்டம் அமையவில்லை. மேட்டைப் பார்த்தார். கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டைக் கீழே போட்டார். உடம்பு உதறத் தொடங்கிவிட்டது.

"ஆத்தா வந்துட்டா. பூமிய பொளந்துகிட்டு வந்துட்டா. எனக்கு எடம் குடுன்னு கேக்குறா."

"எடத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுதான் எல்லாரும் வராங்க மாமா" என்றார் பூமாலை. ஆனால் கலைமணி அதற்குள் சூடம் வாங்கப் போய்விட்டார்.

சாயந்திரத்துக்குள் மேட்டுக்கு மஞ்சள் பூசியாயிற்று, சிவப்புத் துணி சுற்றியாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் வந்தது. குடம் குடமாகத் தண்ணீரும் சொம்பு சொம்பாகப் பாலும் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற மேடு வளர்ந்தது. வளர்ந்ததைப் பார்த்து இன்னும் ஊற்றினார்கள். பூமாலைக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. மெஸ்ஸில் கூட்டம் இரண்டு மடங்கானது வேறு. "ஆத்தா வந்து நல்லாதான் யாவாரம் பாக்குறா" என்றார்.

பிறகு சிரிப்பு குறைந்தது. கிடா விருந்துக்குச் சொல்லியிருந்தவர்கள், ஆத்தா முன்னால் கறி ஆகாது என்று விலகிக்கொண்டார்கள். ஒரு வளைகாப்புப் பெண் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார வேண்டியிருந்தது. தன் சொந்த மண்டபத்துக்குள் செருப்போடு நுழைந்ததற்காக, முன்பின் பார்த்திராத ஒருவர் பூமாலையை அதட்டினார்.

அப்போதுதான் சிவசுப்பிரமணியன் வந்தார்.

அவர் அந்த வட்டாரத்தில் நிறைய நிலமுள்ள குடும்பத்துக்காரர். மெஸ் வைத்த நாளிலிருந்து அந்த வழியாகக் காரில் போய்வருகிறவர். ஒருநாளும் இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பசித்தால் பெரம்பலூர் வரைக்கும் தாங்கிக்கொள்வார். அன்றைக்குச் சாலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான தாரில் குதித்துக் குதித்து வந்தார். மேட்டுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, அதில் கசிந்த ஈரத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கொஞ்சம் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

பிறகு பூமாலையைக் கூப்பிட்டார்.

"நீ குடுத்து வச்சவ. இனிமே நீ ஒண்ணும் கவலப்பட வேண்டாம். நாங்க நாலு பேரு சேர்ந்து டிரஸ்ட் ஆரம்பிக்கிறோம். எடத்த அது பேருக்கு எழுதிக் குடுத்துடு. கோபுரம் எழுப்பிடலாம். கல்வெட்டுல உன் பேரு வரும்."

"மெஸ்ஸு சார்?"

"கோயிலு எதுக்க கோழி வறுக்க முடியுமா? அத வேற எங்கயாவது பாத்துக்க."

"அப்ப நான் எங்க நிக்கிறது?"

சிவசுப்பிரமணியன் யோசித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பெரிய மனது பண்ணுவதாகத்தான் நினைத்தார். "வாசல் கூட்டி, கோலம் போட ஆளு வேணும்ல. அத நீயே செய்யி. புண்ணியம். அபிஷேகத்தப்ப வெளியிலேர்ந்து நல்லா தெரியிற மாதிரி கதவு வச்சிடலாம்."

பூமாலை அடுப்படிக்குத் திரும்பி நடந்தார். அவர் பதில் சொல்லாமல் விட்டதைக் கலைமணி வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தார். பயந்துபோனார்.

அன்று முழுவதும் பூமாலை வெங்காயம் உரித்தார். அவருக்குக் கோபம் மட்டும் இருந்திருந்தால் வாயாலேயே தீர்ந்திருக்கும். உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. ஆத்தா நிஜமாகவே வந்திருந்தால்? சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு இராப்பகலாக உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. வெகுநேரம் கழித்து, தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டார். வந்தவள் ஆத்தாவாக இருந்தால், தேடி வந்த வீட்டுக்காரியை வாசலில் நிறுத்த மாட்டாள். வாசலில் நிறுத்துவாள் என்றால், அவள் யாராக இருந்தாலும் தரையை விட்டுப் போகட்டும்.

தம்பிக்குப் போன் போட்டார். "வெள்ளிக்கிழம காலையில கான்கிரீட் ஒடைக்கிற மிஷினக் கொண்டா."

"வெள்ளிக்கிழமயா? கூட்டம் வருமேக்கா."

"அதுக்குதான்."

கலைமணி கெஞ்சினார். "வேணாம்டி. கண்ணு போயிடும்."

"எனக்குதான போவும்? நான் மூக்காலயே சமைப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை கூட்டம் நிறைந்திருந்தது. சிவசுப்பிரமணியனும் டிரஸ்ட்டுக்கு நினைத்திருந்தவர்களும் முன்வரிசையில் நின்றார்கள். வேல்முருகன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முதலில் யாருக்கும் புரியவில்லை. பீடம் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். பூமாலை மேட்டிலிருந்த மாலையையும் துணியையும் எடுத்து மடித்துக் கலைமணி கையில் கொடுத்தார். பிறகு ஒரு கடப்பாரையை எடுத்தார்.

பாவாடை ஓடிவந்து குறுக்கே நின்று ஆடத் தொடங்கினார்.

"மாமா, ஆடுறதுன்னா கொஞ்சம் அந்தாண்ட நின்னு ஆடுங்க. கல்லு தெறிக்கும்."

பாவாடை ஆடிக்கொண்டே நகர்ந்தார். மணமேடை ஓரம் போய்த் தொடர்ந்து ஆடினார்.

"பூமாலை, இது உனக்கு நல்லதில்ல" என்று சிவசுப்பிரமணியன் முன்னால் வந்தார்.

"வாடகைக்கு விடுற எடம் சார். தரைய சரி பண்ணிக் குடுக்கணும்ல" என்றார் பூமாலை. முதல் குத்து சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. அதற்குமேல் வேல்முருகன் மிஷினை வைத்தான். சுவிட்சைப் போட வேண்டியவர் கலைமணி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டார்.

டைல்ஸும் கான்கிரீட்டும் பெயர்ந்து வந்தன. அடியில் சுண்ணாம்பு கலந்த களிமண், புளித்த மாவுபோல உப்பி வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள்ளெல்லாம் வெள்ளை வெளேரென்று ஏதோ முளைத்திருந்தது. மயிரைவிட மெல்லிய ஊசிகள், நெருக்கமாக, பூஞ்சைபோல. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வேல்முருகன் இன்னும் கொஞ்சம் தோண்டினான். குழாய் தெரிந்தது. நடு மூட்டு விலகி வாயைப் பிளந்திருந்தது. அதே நேரம் மெஸ் பக்கத்தில் சாப்பிட்டு முடித்த லாரிக்காரர் யாரோ தொட்டியில் கை கழுவினார். குழாய்க்குள் கொடகொடவென்று சத்தம் வந்தது. மூட்டு வழியாகத் தண்ணீர் கொப்பளித்தது. கூடவே நாலைந்து சோற்றுப் பருக்கையும் ஒரு கறிவேப்பிலையும் வெளியே வந்தன.

பூமாலை குனிந்து அந்தக் கறிவேப்பிலையை எடுத்தார்.

"நேத்து வச்ச கோழிக் குழம்பு சார். எல்லாரும் கை கழுவுன தண்ணி. இதுலதான் வளந்திருக்கு."

சிவசுப்பிரமணியனின் கை தன்னையறியாமல் கண்ணுக்குப் போனது. பிறகு தலைக்குப் போனது. பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். செருப்பு சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அதைப் போடாமலே காரில் ஏறிவிட்டார்.

மத உணர்வைப் புண்படுத்தியதாக யாரோ புகார் கொடுத்து, போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். பூமாலை அவரைப் பள்ளத்துக்கு அழைத்துப்போய்க் குழாயைக் காட்டினார். அவர் குழாயைப் பார்த்தார், எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்றார், சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வெள்ளை ஊசி என்ன என்பதைச் சொன்னவர் கீதாஞ்சலி. அரியலூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவர். கல்லாகிப்போன பழைய கடல் நத்தைகளைப் பார்க்க மாணவர்களைக் கூட்டி வரும்போதெல்லாம் மெஸ்ஸில்தான் சாப்பாடு. பள்ளம் மூடாமல் இருந்த சமயத்தில் வந்தார். உள்ளே இறங்கியவர் ஏறிவர மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போய், எங்கெங்கோ கொடுத்துச் சோதித்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் திரும்பி வந்தார்.

"பூமாலையக்கா, உங்க மண்டபத்துல வந்தது எட்ரிங்கைட்."

"அது யாரு?"

"கனிமம். ஜெர்மனில ஒரு ஊர் பேரு அதுக்கு. இயற்கையில உலகத்துலயே சில எடத்துலதான் கெடைக்கும். பாறையோட பொறந்தது இல்ல. மத்த கனிமம் கரைஞ்சு, அதுங்களுக்குள்ள கலந்து, பிற்பாடு உண்டாவுறது."

"எங்க மண்டபத்துல எப்படி உண்டாச்சு? அதச் சொல்லுங்க."

கீதாஞ்சலி ரசம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "உங்க மண்ணுல ஜிப்சம் இருக்கு. அதுல சல்பேட் இருக்கு. களிமண்ணுல அலுமினியம் இருக்கு. ரெண்டும் அது பாட்டுக்குக் கோடி வருசமா சும்மா கெடந்துச்சு. உங்க தம்பி சுண்ணாம்பக் கலந்தாரு. சுண்ணாம்பு களிமண்ண அரிச்சு, அலுமினியத்தக் கெளப்பி விட்டுடுச்சு. மிச்சம் வேண்டியது தண்ணி. அந்த ஊசியில பாதிக்குக் கிட்டத்துல தண்ணிதான்க்கா. குடிச்சுக் குடிச்சு ஊதும். மேல என்ன இருந்தாலும் தூக்கிடும்."

தூரத்தில் நின்ற வேல்முருகன், "சிமெண்டுலகூட ஜிப்சம் போடுறாங்களே மேடம்" என்றான். தப்பிக்க ஒரு வழி கிடைக்குமா என்று பார்த்தான்.

"போடுறாங்க. தண்ணி ஊத்துன கொஞ்ச நேரத்துல அதுலயும் இது உண்டாவும். ஆனா அப்ப கலவை இளக்கமா இருக்கு, எடம் குடுத்துடும். இறுகுனப்பறம் வளந்தாதான் ஒடைச்சுக்கிட்டு வரும்."

பூமாலைக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. "அப்ப அந்த ஜெர்மனி ஊரு மாதிரி நம்ம ஊரு பேரும் எழுதுவாங்களா?"

கீதாஞ்சலி சங்கடப்பட்டார். "எழுத மாட்டாங்கக்கா. மனுசன் கலந்து, மனுசன் தண்ணி விட்டு உண்டானதுல்ல. அதே கனிமம்தான், அதே ஊசிதான். ஆனா இயற்கையா கெடைச்சதுன்னு பட்டியல்ல சேத்துக்க மாட்டாங்க."

 பூமாலை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கல்லுக்குமா மேடம் கேக்குறாங்க, எந்தத் தெருன்னு?" என்றார். கீதாஞ்சலிக்கு முதலில் புரியவில்லை. கலைமணி அந்தப் பெயிண்ட் கதையைச் சொன்ன பிறகு அவருக்குச் சோற்றுப் பக்கம் கை போகவில்லை. "ரசம் ஆறுது, சாப்புடுங்க" என்று பூமாலைதான் அதட்டினார்.

தரை முழுவதையும் பெயர்த்து, சுண்ணாம்பு கலந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, கிராவல் அடித்துப் புதிதாகப் போட்டார்கள். குழாய் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. கலைமணியின் கண்கள் நன்றாகவே இருக்கின்றன.

உடைத்த கட்டியில் ஒன்றைப் பாவாடை தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு வேப்பமரத்தடியில் வைத்துக் கும்பிட்டார். அடுத்த மழையில் அது கூழாகிக் கரைந்துபோனது. ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்குப் பூமாலை அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

வேல்முருகன் புதிதாக விசிட்டிங் கார்டு அடித்திருக்கிறான். பேருக்குக் கீழே 'சல்பேட் மண் நிபுணர்' என்று போட்டிருக்கிறான். ஒரு காரியம் மட்டும் உண்மை. எந்த வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தாலும் முதலில் ஒரு கைப்பிடி மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறுகிறான். கீதாஞ்சலி சலித்துக்கொண்டே சோதித்துச் சொல்கிறார். குன்னத்தைச் சுற்றிச் சில வீடுகளாவது அப்படி வீங்காமல் தப்பியிருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. சும்மா மண்ணைப் பொறுக்கிக்கொண்டு போகிறான், வேலையைத் தொடங்க மாட்டேன் என்கிறான் என்று பூமாலையிடம் வந்து குறை சொல்கிறார்கள்.